நூற்றுநான்கு வயதுக்காரரின் வீடு

காஜா என்பது அவள் பேர் இல்லை. சட்டையில், கோட்டில் பட்டன் நுழைகிற துளையைச் சுற்றி நூலால் கட்டுகிறார்களே, அந்த வேலைக்குக் காஜா எடுப்பது என்று பேர். முப்பது வருஷமாக அதையே செய்ததில் தெருவுக்கே அவள் காஜா ஆகிவிட்டாள். என் சின்னம்மா மகள். என்னைவிட ஒன்பது வயது இளையவள்.

கல்யாணமாகிப் போனவள் ஏழே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஆறு வயதுப் பெண் குழந்தையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா படுத்த படுக்கை. பெரியப்பா, சித்தப்பா வீட்டார் எல்லோரும் அந்த வீட்டை விட்டு ஒவ்வொருவராக வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். "நீ இருக்கிறியே, போதும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வார்த்தைதான் அவள் காலில் விழுந்த முதல் கட்டு. அம்மாவைக் கடைசி மூச்சுவரை பார்த்து அனுப்பிவைத்தாள். மகளைப் படிக்க வைத்து, பஸ்ஸில் எட்டு மணி நேரத் தொலைவில் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தாள். அதோடு கிளம்பியிருக்க வேண்டியவள்தான்.

எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு விரல் நுழையாது. ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மூன்றாவது வீட்டில் சமாதானம் சொல்லுவார்கள். காஜாவின் வீடு பதினேழாம் எண். பக்கத்துப் பதினைந்தாம் எண் வீட்டை ஒருநாள் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். மறுவாரமே பதினேழின் இடது சுவர், அத்தனை காலமும் சாய்ந்திருந்த தோள் போய்விட்டதால், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மாடியறையில் மேலிருந்து கீழே ஒரு விரிசல்.

நகராட்சி இன்ஜினியர் வந்தார். அவர் கேட்டதும் இவள் சொன்னதும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"இங்க யாரும்மா குடியிருக்கிறது?"

"நான்தான்."

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"கொள்ளுத்தாத்தா பேர்ல."

"அவர் எங்க?"

"செத்து நூறு வருஷம் ஆகுது சார்."

இன்ஜினியர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அவருக்கு நோட்டீஸ் குடுக்க முடியாது. உங்க பேருக்கே எழுதிடறேன்" என்றார்.

அந்த நோட்டீஸ் சொன்னது இதுதான். சுவரைச் சரி செய்வதென்றாலும் இடிப்பதென்றாலும் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் குடியிருப்பவர் பொறுப்பு. மாடியறையில் மூன்று மரத்தூண்களைச் சாய்வாக முட்டுக் கொடுத்தார்கள். கட்டிலுக்குப் போக வேண்டும் என்றால் முதல் தூணுக்குக் கீழே குனிந்து, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதற்கு ஒருக்களித்துப் போக வேண்டும். ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். பட்டப்பகலில் குண்டு பல்பு வெளிச்சத்தில் காஜா எடுத்தாள். விரிசலின் குறுக்கே நாலு இடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டினார்கள். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி விண்டுவிடும். காலையிலும் சாயந்திரமும் அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். விண்டிருந்தால் அலுவலகத்துக்கு ஓட வேண்டும். பார்க்காமல் விட்டு, சுவர் விழுந்து, தெருவில் போகிற யார் தலையிலாவது விழுந்தால் வழக்கு இவள் மேல்.

"ஜெயில்னா இதைவிட வசதியா இருக்கும்டி. அங்க கண்ணாடியை அவங்க பாப்பாங்க" என்றேன். சிரித்தாள். அப்போது சிரிப்பு வந்தது.

மகளுக்குப் பிரசவம் வந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினேன். இரண்டாம் நாள் தெருவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் இடித்ததில் மூன்றாவது கண்ணாடி விண்டுவிட்டது. நான் அலுவலகத்துக்கு ஓடினேன். அவர்கள் நோட்டீஸில் இருக்கிற பேர்க்காரரே வர வேண்டும் என்றார்கள். பச்சைக் குழந்தையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறி வந்தாள். அதன் பிறகு பதினோரு வருஷம், ஒரு ராத்திரிக்கு மேல் அவள் எங்கும் தங்கவில்லை. எட்டு மணி நேரம் போய், பேத்தியைப் பார்த்து, படுத்து எழுந்து, எட்டு மணி நேரம் திரும்பி வருவாள்.

"வீட்டைத் தீர்த்துட்டு வந்துடறேன், உன்கூடவே இருந்துடறேன்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பேத்தி பேச ஆரம்பித்தபோது அந்த வார்த்தையைத்தான் பாட்டியின் பேராக நினைத்துக்கொண்டது. போனை எடுத்ததும், "தீர்த்துட்டு வர்ற ஆயா பேசறாங்க" என்று கத்தும்.

தீர்ப்பது என்றால் விற்பது. விற்பது என்றால் கையெழுத்து.

கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று பையன், இரண்டு பெண். அந்த ஐந்து கிளையில் இப்போது உயிரோடு இருப்பவர் யார் யார் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். எழுதியது அவள்; சொன்னது நான். உறவுமுறை எனக்கு மறப்பதில்லை, என்ன செய்ய. முதலில் இருபத்தொன்று வந்தது. ஒருத்தர் கையெழுத்துப் போடுவதற்குள் இன்னொருத்தர் இறந்துபோவார். இறந்தவருக்குப் பதிலாக மூன்று பேர் முளைப்பார்கள். கடைசிச் சித்தப்பா நாளைக்கு வா என்றார். நாளைக்குப் போனால் வாசலில் செருப்புக் கூட்டம். அவருடைய நாலு பிள்ளைகளையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, துக்கம் விசாரித்துவிட்டு வந்தோம். இரண்டு அத்தை மகள்கள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அவள் முதலில் போடட்டும் என்று இவள், இவள் போடட்டும் என்று அவள். கடைசியில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டு காகிதத்தில் இரண்டு வீட்டில் போட வைத்தோம். நான் ஒரு வீட்டில், காஜா ஒரு வீட்டில், கையில் கடிகாரத்தோடு.

ஒன்பது வருஷத்தில் முப்பத்தேழு கையெழுத்து.

இந்த உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு பெருமை உண்டு. கொள்ளுத்தாத்தா நூற்றுநான்கு வயது வாழ்ந்தவர். பேர் சொல்ல மாட்டார்கள், 'நூத்திநாலு' என்றுதான் சொல்லுவார்கள். இதைக் கண்டுபிடித்தவர் காஜாவின் பெரியப்பா, கணக்கு வாத்தியார். வீட்டுப் பத்திரத்தில் வாங்கியவர் வயது இருபது என்று போட்டிருக்கிறது. அதே பேரிலிருந்து அடுத்தவர் பேருக்கு வரி ரசீது மாறியது எண்பத்துநாலு வருஷம் கழித்து. இருபதும் எண்பத்துநாலும் நூற்றுநாலு. வாத்தியார் கணக்குக்கு யார் மறுத்துப் பேசுவது? மாடிப்படி ஏறும் இடத்தில் நூத்திநாலின் போட்டோ மாட்டி, வயதைக் கீழே எழுதியும் வைத்துவிட்டார். போட்டோவில் தலை நிறையக் கறுப்பு முடி. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "நூத்திநாலு வயசுலயும் என்ன முடி பாரு" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போவார்கள். நானும் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

வாங்குவதற்கு ஒருத்தர் வந்தார். குடோன் வைத்திருப்பவர். பதினைந்தாம் எண் காலி மனை அவருடையது. பதினேழும் வந்தால் பெரிசாகக் கட்டலாம். வீடு காலியாக வேண்டும் என்றார். காலி என்றால் கீழே முன்னறையில் கடை வைத்திருந்த சீல்காரரும் போக வேண்டும்.

சீல்காரர் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர். அலுவலகங்களுக்கு வட்ட முத்திரை, தேதி முத்திரை எல்லாம் அவர் கையில்தான். ஐம்பது வயது இருக்கும். காஜாவை "ஓனரம்மா" என்று கூப்பிடுவார். அந்த 'ஓனரம்மா'வில் மரியாதை பாதி, கேலி பாதி. அவர்கள் இரண்டு பேருக்கும் எட்டு வருஷச் சண்டை. இவர் கீழே குழாயைத் திருகி மூடுவார், மேலே அவளுக்குத் தண்ணீர் நின்றுபோகும். அவள் மாடியைக் கழுவிவிடுவாள், இவர் காய வைத்த முத்திரை அட்டையெல்லாம் நனையும்.

"என்ன ஓனரம்மா, மேல மழையா?"

"ஆமா. நீங்க குழாயை மூடினதுல மேகம் கூடிடுச்சு."

அவருக்குப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, மூன்று பெண் பிள்ளைகள். கடை போனால் எங்கே போவது என்று நகராமல் இருந்தார். குடோன்காரர் தன் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் தருகிறேன் என்றதும் அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

எல்லாம் கூடி வந்தது. குடோன்காரரின் வக்கீல் மட்டும் ஒன்று கேட்டார். நூற்றுநாலு வயது என்கிறீர்களே, பத்திரத்தில் இருக்கிறவரும் கடைசியில் வரி கட்டியவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு இடையில் ஏதாவது பழைய பதிவு கொண்டுவாருங்கள். வெறும் சம்பிரதாயத்துக்கு, என்றார்.

நகராட்சிப் பதிவறை தரைக்குக் கீழே இருந்தது. பத்துப் படி இறங்க வேண்டும். அங்கே இருந்தவர் ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி இருந்த மனிதர். தூசியில் இருந்து இருந்து மூச்சு இழுப்பு. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் தெருவுக்கென்று இரண்டு பேரேடுகளை எடுத்து வைத்தார். ஒன்று, தெருவுக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்தபோது வீடு வீடாக எழுதியது. இன்னொன்று அதற்கு இருபத்தைந்து வருஷம் பின்னால், சாக்கடை கட்டியபோது எழுதியது. அவரே படித்துச் சொன்னார்.

குழாய்ப் பேரேட்டில் பதினேழாம் எண்ணுக்கு நேரே நூத்திநாலின் பேர். பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. வாத்தியார் கணக்குப்படி அப்போது அவருக்கு எழுபது வயது. சாக்கடைப் பேரேட்டில் அதே எண், அதே பேர். ரேகை இல்லை. முத்து முத்தாகக் கையெழுத்து. வாத்தியார் கணக்குப்படி தொண்ணூற்றைந்து.

"எழுபது வயசுக்கு மேல பள்ளிக்கூடம் போயிருக்காரு போலிருக்கு" என்றேன் நான்.

பதிவறைக்காரர் சிரிக்கவில்லை. இரண்டு பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "தகப்பன் பேர்னு ஒரு கட்டம் இருக்கும்மா. ரெண்டுலயும் வேற வேற. உங்க குடும்பத்துல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறதுண்டா?"

"மூத்த பேரன்னா தாத்தா பேர்தான். அது எப்பவும் உள்ளது" என்றாள் காஜா. சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இவர் தாத்தா. அவர் பேரன். நடுவுல அப்பன் ஒருத்தர். ரெண்டு ஆளை ஒட்டி ஒரு ஆளாக்கி நூத்திநாலுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க."

நான் போட்டோவை நினைத்துக்கொண்டேன். அந்த முடிக்குச் சொந்தக்காரர் அறுபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். பேரனின் படத்தை மாட்டி, தாத்தாவின் வயதையும் சேர்த்து அவர் தலையில் கட்டியிருக்கிறோம்.

"அதனால என்ன சார்? தாத்தா வீடு பேரனுக்கு வந்துது. பேரன் வாரிசுங்கதான் நாங்க எல்லாரும்" என்றாள் காஜா.

அவர் விரலைக் குழாய்ப் பேரேட்டில் அதே பக்கத்தில் கீழே கொண்டுபோனார். "தாத்தாவுக்கு இன்னொரு பையன் இருந்திருக்காரும்மா. பாருங்க, முப்பத்தொண்ணாம் எண் குழாய். தொழில் மர வேலை. தகப்பனார், பதினேழாம் எண் வீட்டுக்காரர். பேரும் எழுதியிருக்கு."

முப்பத்தொன்று எனக்குத் தெரிந்த வீடு. நான் வாழ்க்கைப்பட்டது முப்பத்துமூன்றாம் எண் வீடு. பக்கத்து வீட்டைப் பற்றி என் மாமியார் வாய் ஓயாமல் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். முப்பத்தொன்றில் முதலில் இருந்தவர் தச்சர். அவர் பையன் கதவில் பூவேலை செய்தவர். அவர் பையன் துணியில் அச்சுப் போட மரக்கட்டை செதுக்கியவர். அவர் பையன் மரத்தை விட்டு ரப்பருக்கு வந்தார், குடும்பம் நொடித்து வீட்டைக் கொடுத்துவிட்டார். அவருடைய பையன்தான் காஜா வீட்டுக் கீழறையில் வாடகைக்கு உட்கார்ந்திருக்கிற சீல்காரர்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். படியேறி வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

 "அவருக்கும் பங்கு இருக்காக்கா?" என்றாள் காஜா.

"அவருக்கு, அவர் அக்கா தங்கச்சிக்கு, தச்சர் வழியில யாரார் இருக்காங்களோ அத்தனை பேருக்கும்."

"எத்தனை பேர் வரும்?"

"தெரியலை."

"முப்பத்தேழுக்கு ஒன்பது வருஷம்" என்றாள். அதற்கு மேல் அவள் கணக்குப் போடவில்லை. அவளுக்கு வயது அறுபத்திரண்டு.

இந்த இடத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் கையைப் பிடித்து, "சாக்கடைப் பேரேட்டு நகல் மட்டும் வாங்கி வக்கீல்கிட்டக் குடு. கையெழுத்து இருக்கு, பேர் இருக்கு, போதும். அந்தக் குழாய்ப் பேரேட்டை நாம பார்க்கவே இல்லை" என்றேன். "ஊருக்கே தெரியாத உறவு. அந்த மனுஷனுக்கே தெரியாது. நீ போய்ப் பேத்தியைப் பாரு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நகலை வாங்கிக் கொடுத்தாள். வக்கீலுக்குத் திருப்தி. பத்து நாளில் பதிவு என்று தேதி வைத்தார்கள்.

அந்தப் பத்து நாளும் அவள் கீழே இறங்கும்போதெல்லாம் சீல்காரரின் முகத்தைப் பார்ப்பாள். ஒருநாள் என்னிடம், "அக்கா, அந்தப் போட்டோவையும் அவரையும் பாருங்க. காது ஒரே மாதிரி இருக்கு" என்றாள்.

"காது எல்லாருக்கும் காது மாதிரிதான் இருக்கும். பேசாம மூட்டையைக் கட்டு" என்று அதட்டினேன்.

கட்டினாள். ஒரு டிரங்குப் பெட்டி, நூல் கண்டுகளும் ஊசிகளும் வைத்த ஒரு தகர டப்பா. அவ்வளவுதான் அவளுடைய சொத்து. மகள் அங்கே ஒரு அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். "இந்தத் தடவை நிஜமாத்தானேம்மா?" என்று போனில் இரண்டு முறை கேட்டாள்.

பதிவு அலுவலகத்தில் நீள பெஞ்சு. குடோன்காரர், வக்கீல், காஜா, நான், சீல்காரர். முப்பத்தேழு கையெழுத்தும் ஒரு கட்டாக வக்கீல் மடியில். காஜா கடைசியாகப் போட வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் வாடகைக்காரர் தன் கைப்பட ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்று வக்கீல் ஒரு தாளை நீட்டினார். சீல்காரருக்கு எழுத்து அழகாக வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார். முத்திரைக்கு எழுத்து கோக்கிறவர், பழக்கம் அப்படி.

வக்கீல் சொல்லச் சொல்ல எழுதினார். "மேற்படி வீட்டில்... எனக்கோ... என் முன்னோர்களுக்கோ... எந்தக் காலத்திலும்..."

"அதை எழுதாதீங்க" என்றாள் காஜா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை நகர்த்திக்கொண்டாள்.

"என்ன ஓனரம்மா, பிழையா எழுதிட்டேனா?" என்றார் சீல்காரர்.

"பிழை இல்லை. பொய். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு உங்க கையால அதை எழுத வைக்க முடியலை." பேரேடு, தச்சர், முப்பத்தொன்றாம் எண், எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தவே இல்லை. குரலும் உயரவில்லை. காஜா எடுக்கிறபோது பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு பேசுவாள், அந்த மாதிரி.

குடோன்காரர் எழுந்துவிட்டார். வக்கீல் முப்பத்தேழு கையெழுத்தையும் காஜா மடியில் வைத்தார். "இனி இது வெறும் காகிதம்மா. மரம் முழுசா வரணும், வந்தப்புறம் பாருங்க" என்றார். வக்கீல்கள் குடும்பத்தை மரம் என்பார்கள்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். சீல்காரர் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நாலு நிறுத்தம் போன பிறகு தலையைத் திருப்பாமலே, "அப்ப நீங்க எனக்கு என்ன முறை ஆகணும்?" என்று கேட்டார்.

காஜா என்னைப் பார்த்தாள். நான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டு பக்கமும் ஒரே தலைமுறை. "அக்கா முறைதான்" என்றேன்.

"அக்காவாம். எட்டு வருஷமா அக்காவுக்கு வாடகை குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காஜா சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

சாயந்திரம் மகளிடம் போனில் சொன்னாள்.  மகள், "நீ வரப்போறதில்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். மறுநாள் முதல் முப்பத்தேழு பேரில் முப்பது பேராவது கூப்பிட்டுத் திட்டினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு அத்தை மகள்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். நூத்திநாலு வெறும் அறுபதுதான் என்பதுதான் அவர்களுக்கு ரொம்ப வலித்தது. கட்டின டிரங்குப் பெட்டியை அவிழ்க்காமல், அதன் மேலேயே உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள் இவள்.

ஒரு வாரம் சீல்காரர் கீழே தன் கடையோடு இருந்தார். எட்டாம் நாள் மாடிக்கு வந்தார். எட்டு வருஷத்தில் அவர் மேலே ஏறியது அதுதான் முதல் தடவை. நானும் அங்கே இருந்தேன். முதல் தூணில் தலையை இடித்துக்கொண்டார். இரண்டாவதைத் தாண்டி வந்து, பலகை அடித்த ஜன்னலையும் பல்பையும் கண்ணாடித் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுலயாக்கா இத்தனை வருஷம் இருந்தீங்க?"

"வேற எங்க இருக்கிறது?"

"நான் நீங்க மேல மகாராணி மாதிரி இருக்கீங்கன்னு நினைச்சேன்."

 அப்புறம் சொன்னார், நோட்டீஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று. நகராட்சியில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வாரிசில் ஒருத்தர், அந்த வீட்டிலேயே இருக்கிறவர், எழுதிக் கொடுத்தால் பொறுப்பு மாறிவிடும். முப்பத்தேழு பேரில் ஒருத்தர்கூட இதுவரை அதற்கு வாயைத் திறக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள் காஜா. "இது என்னன்னு தெரியாம பேசறீங்க. காலையில பாக்கணும், சாயந்திரம் பாக்கணும். வெளியூர் போக முடியாது. சொந்தக்காரங்க கல்யாணத்துல கை நனைக்க முடியாது. உங்க மூணு பொண்ணுங்க எங்க எங்க வாழப்போகுதோ, ஒரு ராத்திரிக்கு மேல தங்க முடியாது. சொத்துன்னு நினைக்காதீங்க தம்பி."

தம்பி என்று அவள் சொன்னதை அவர் கவனித்தார். "எங்க அப்பா கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சாரு, இந்தத் தெருவுல நமக்குன்னு ஒரு செங்கல் இல்லாம பண்ணிட்டேன்னு. இருக்குன்னு சொன்னீங்க. சொல்லாமப் போயிருக்கலாம். என் பங்குச் செங்கல்லை நான் காவல் காக்கிறேன். நீங்க போங்க."

"உங்க வீட்டுக்காரி என்ன சொல்றா?"

"அந்த வீட்டுல என் பிள்ளைங்க கால் வைக்காதுன்னு சொல்லிட்டா. நான் மட்டும் வைக்கலாமாம்."

பதினைந்து நாள் அலைந்தார்கள். பேர் மாறியது. இன்ஜினியர் இப்போது வேறு ஆள். யார் பேராக இருந்தால் எனக்கென்ன என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளில் சீல்காரர் செய்து கொடுத்த முத்திரையைத்தான் குத்தினார்கள். அவர் அதை உற்றுப் பார்த்து, "மை போதலை" என்றார்.

காஜா வெறுங்கையோடுதான் போனாள். காலை பஸ். டிரங்குப் பெட்டியை சீல்காரர் தூக்கி வந்து மேலே ஏற்றினார். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். "வித்துட்டுப் போறேன்னு நினைச்சேன். விட்டுட்டுப் போறேன். அதுவும் ஒருத்தர் தலையில வச்சுட்டு." பஸ் புறப்படும்வரை சீல்காரரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

மூன்று வருஷம் ஆகிறது. மகள் வீட்டில்தான் இருக்கிறாள். நல்லபடியாக இருக்கிறாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் போனபோது, பேத்தி பள்ளிக்கூடம் போனதும், செய்ய ஒன்றும் இல்லாமல் அறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரேன் என்றேன். எங்கே உட்காருவது என்று கேட்பது போல என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய அறை அவளுக்குப் பழக்கம் இல்லை.

சீல்காரர் போன மாதம் கடையை மத்தியானத்தோடு மூடிவிட்டு என்னிடம் வந்தார். கையில் நீள நோட்டு. காஜா பக்கத்து முப்பத்தேழு பேரையும் முதலில் எழுதியிருந்தார். அதில் இரண்டு பேர் இறந்துபோய் நாற்பத்துமூன்று ஆகியிருந்தது. அவர் பக்கத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்பது பேர்.

"பெரியக்கா, தச்சர் வழியில வேற யாராவது உண்டா? உங்களுக்குத்தான் தெரியும்னு அக்கா சொன்னாங்க."

எனக்குத் தெரியும். பூவேலை செய்தவருக்கு இரண்டு தங்கைகள். ஒருத்தியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொடுத்தார்கள், ஏழு பிள்ளைகள். இன்னொருத்தி கட்டிய இடத்தில் ஒத்துவராமல் வேறு ஒருவரோடு போய்விட்டாள், அங்கே எத்தனை என்று தெரியாது. ஆனால் தெரிந்தவர் ஒருத்தர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாயந்திரக் கண்ணாடி பார்க்கிற நேரம் தவறிவிடக் கூடாது என்று இரண்டு முறை வெயிலைப் பார்த்தார். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன்.

"எழுதிக்கோ" என்றேன்.